காற்று சுத்தமாகும்போது வடசென்னையில் யார் இருப்பார்கள்?

2021ஆம் ஆண்டில் திருவொற்றியூரைப் பற்றிய இரண்டு செய்திகள் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டன. பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். டிசம்பர் 27 அன்று அதே ஊரின் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடியில் 24 வீடுகள் சரிந்து விழுந்தன. சுவரில் விரிசல் விடுவதைக் கண்டு எல்லோரும் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. வீட்டுச் சாமான்கள்தான் இடிபாட்டுக்குள் போயின.

பத்து மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வடசென்னையில் இப்போது என்ன நடக்கிறது என்பது பிடிபடும். ஒருபக்கம் பல்லாண்டுக் கவனிப்பின்மையால் கட்டடம் விழுகிறது. மறுபக்கம் மெட்ரோ தூண் எழும்பிய சாலையோரம் மனை விலை ஏறுகிறது. விழும் கட்டடத்தில் குடியிருப்பவரும், விலை ஏறும் தெருவில் வாடகைக்கு இருப்பவரும் பெரும்பாலும் ஒரே மாதிரியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மீன்பிடித் தொழிலாளர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள், ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். ஊர் கெட்டுக் கிடந்தபோது அந்தக் கேட்டையெல்லாம் சுமந்தவர்கள் இவர்கள். ஊர் சீராகும்போது அங்கே தொடர்ந்து இருக்கும் முதல் உரிமையும் இவர்களுக்கே இருக்க வேண்டும். அந்த உரிமைக்கு இன்றுவரை எந்தத் திட்டத்திலும் எழுத்தில் உத்தரவாதம் இல்லை.

வடசென்னை இப்படி ஆன கதையைக் கடலிலிருந்து தொடங்க வேண்டும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். அணை குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தேங்கியது. மெரினாவின் இன்றைய அகலமான மணல்வெளி அப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே போயிருக்க வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் வரை கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. குப்பங்கள் பின்வாங்கின, பின்வாங்க இடமில்லாத இடங்களில் வீடுகள் போயின.

இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும்தான். வலையை விரித்துப் பழுது பார்க்கவும் கருவாடு காயவைக்கவும் மணல் இல்லாத குப்பங்களில் அந்த வேலையெல்லாம் சாலையோரத்துக்கு வந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. தென்சென்னைக்காரர் சாயங்காலம் குடும்பத்தோடு சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரும் மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக் கரைக்கு வந்திருக்க வேண்டியது என்பதை இந்த நகரத்தின் பள்ளிப் புத்தகங்கள் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர வேண்டும்.

நகரத்தின் ஒரு பகுதிக்குக் கிடைத்த வசதியும் இன்னொரு பகுதிக்கு நேர்ந்த இழப்பும் ஒரே காரியத்தின் இரண்டு விளைவுகள் என்பதை இந்த மணல் காட்டுகிறது. வடக்கே ஆலைகள் வந்த கதையிலும் இதே கணக்குதான்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. ரயில், துறைமுகம், பக்கிங்காம் கால்வாய் மூன்றும் அருகருகே இருந்ததால் ஆலைகள் வடக்கு நோக்கி வந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது. அதுவே பிறகு அசோக் லேலண்ட். 1950களில் திருவொற்றியூரிலிருந்து என்ஃபீல்டு புல்லட் வெளிவந்தது. விம்கோ தீப்பெட்டி ஆலை ஒரு நகருக்கே பெயர் கொடுத்தது. 1960களின் கடைசியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அடுத்து உர ஆலையும் எழுந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் புகையோடு சம்பளமும் வந்தது என்பதை மறுக்க முடியாது. சங்கு ஊதும் நேரத்தை வைத்தே தெருக்கள் எழுந்தன, உறங்கின. ‘கம்பெனி வேலை’ என்றால் நிரந்தர வேலை, இஎஸ்ஐ, பி.எஃப்., தீபாவளி போனஸ். ஒரு ஆள் சம்பாத்தியத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்றிய குடும்பங்கள் காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் ஏராளம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியதும் வடசென்னையில், பெரம்பூரின் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையேதான்.

பிறகு வேலை மெலிந்தது, புகை நின்றபாடில்லை. நிரந்தர வேலைகள் ஒப்பந்த வேலைகளாயின. புதிய முதலீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் போனது. வடக்கே வந்தவை அனல்மின் நிலையங்களும், நிலக்கரி முனையங்களும், எரிவாயுக் கிடங்குகளும்.

இதில் 2011ஆம் ஆண்டு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றுவதால் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் கருந்தூசி படிகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக இருந்தது. பால்கனியில் உலர்த்திய வேட்டி கறுத்துப்போகும் அளவுக்குத் தூசி. சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சரக்குகளை அங்கே கையாளக் கூடாது என்றது. 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ஜார்ஜ் டவுனும் ராயபுரமும் மூச்சுவிட்டன. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்தத் தூசி அத்தோடு தீர்ந்துவிடவில்லை. இருபது கிலோமீட்டர் வடக்கே, ஏற்கெனவே சாம்பல் குளங்களும் புகைபோக்கிகளும் சூழ்ந்த ஊர்களின் கணக்கில் அதுவும் சேர்ந்தது. எண்ணூரின் காட்டுக்குப்பத்தாரிடமும் முகத்துவாரக்குப்பத்தாரிடமும் இதற்குச் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு வட்டாரம் சீரழிவது தானாக நடப்பதில்லை. வேறு எங்கும் வைக்க முடியாததை எங்கே வைக்கலாம் என்று அரசு அலுவலகங்களில் தீர்மானிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் வரைபடத்தின் ஒரே இடத்தைத்தான் தொடுகிறது. ஏன் அந்த இடம் என்று கேட்டால், ‘அங்கே ஏற்கெனவே தொழிற்சாலைகள் இருக்கின்றன, நிலமும் மலிவு’ என்பார்கள். நிலம் ஏன் மலிவு என்று கேட்டால், அங்கே தொழிற்சாலைகள் இருப்பதால் என்பார்கள். இந்தச் சுழற்சிக்குள்தான் அறுபது ஆண்டுகளாகத் திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர், மணலி எல்லாம் சிக்கிக் கிடக்கின்றன. நகரத்தின் குப்பையில் ஏறத்தாழ பாதி வந்து சேரும் கொடுங்கையூரையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைப்போம் என்று மாநகராட்சி சொன்னபோது, 2025இல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள்.

2023 டிசம்பரை எண்ணூர் மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கச்சா எண்ணெய்க் கசிவு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தது. படகுகளும் வலைகளும் பிசுபிசுப்பான கறுப்புப் படலத்தில் மூழ்கின. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற மட்டம் வரை எண்ணெய்க் கோடு. முழங்கால் வரை எண்ணெயில் நின்று அதை மக்கால் அள்ளியவர்களில் பெரும்பாலோர் அந்தக் குப்பங்களின் மீனவர்கள்தான். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியால்தான் அள்ளினார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் வாளிக்குப் பதிலாக மக் வந்திருந்தது, அவ்வளவே முன்னேற்றம். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. எண்ணெய் ஒட்டிய வலையைக் கழுவி மீண்டும் கடலுக்குப் போட முடியாது. புது வலைதான் வாங்க வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் நிவாரணத்தின் அளவு விளங்கும்.

அந்த எண்ணெய் காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு, சுனாமி நினைவு நாளன்றே, கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன் பிறகு ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் நிலம் மலிவாக இருந்ததில் வியப்பில்லை. அந்த மலிவுதான் ஏழைக் குடும்பங்களுக்குச் சென்னைக்குள் காலூன்ற இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராயபுரத்தின் சந்துகளில் இன்னும் ‘ஸ்டோர்’ வீடுகள் இருக்கின்றன. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் பத்துக்குப் பத்து அறைகள், கடைசியில் பொதுக் கழிப்பறை, வாசலில் ஒரு அடிபம்பு, அதைச் சுற்றிப் பச்சையும் ஆரஞ்சுமாகக் குடங்கள். அறையின் ஒரு மூலை சமையல், மறு மூலை பிள்ளைகளின் படிப்பு, சுவரில் மடித்து மாட்டிய கட்டில். வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விடியுமுன் நடந்தே போய்விடலாம். மீன் கூடையோடு பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்று எந்த நடத்துநரும் சொல்லும் நிலை வராது. பிரசவம் என்றால் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி, பெரிய நோய் என்றால் ஸ்டான்லி. கைமாற்றுக் கடன், சீட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆயா எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேயே. இந்த வாழ்க்கையை எடுத்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் வீடு மட்டும்தான் போய்ச் சேரும், மற்றவை போகாது.

முப்பது கிலோமீட்டர் என்பது கற்பனைக் கணக்கல்ல. 2000ஆம் ஆண்டு கண்ணகி நகர் தொடங்கி, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் அரசு கட்டிய பெரும் குடியிருப்புகளுக்குச் சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுபோகப்பட்டன. சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவர்களில் சிலருக்கும் செம்மஞ்சேரிதான் கிடைத்தது. கடலில் தொழில் செய்கிறவருக்கு ஏரிக்கரையில் வீடு. தீவுத்திடலுக்கு அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்கள் கூவம் சீரமைப்புக்காகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆறு அழகாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதன் கரையில் கொசுக்கடியில் கிடந்தவர்கள் மட்டும் அந்த அழகைப் பார்க்க அங்கே இல்லை.

வடக்கே அடுத்து என்ன நடக்கும் என்பதற்குப் பெரம்பூரில் பாடம் இருக்கிறது. பின்னி ஆலை 1996இல் நிரந்தரமாக மூடப்பட்டது. தொழிலாளர் வரலாற்றில் இந்தியாவே பேசிய அந்த ஆலையின் நிலத்தில் இன்று வாயிற்காவலர் நிற்கும் உயரமான அடுக்குமாடிகளும் வணிக வளாகமும். அதே வட்டாரத்தில், புளியந்தோப்பின் கே.பி. பார்க்கில் அரசு கட்டிய குடியிருப்பில் 2021இல் குடியேறிய மக்கள், சுவரை விரலால் தேய்த்தாலே பூச்சு உதிர்வதைப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஐஐடி வல்லுநர்களை வரவழைத்து ஆய்வு செய்யும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. ஒரே வட்டாரத்தில் இரண்டு வகைச் சுவர்கள் எழுந்தன. ஆலையில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் எந்தச் சுவர் கிடைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

மும்பை இதை நமக்கு முன்பே கண்டது. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தம் தோற்ற பிறகு, நகரின் நடுவே நூற்றுக்கணக்கான ஏக்கர் ஆலை நிலம் சும்மா கிடந்தது. 1991இல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தை விற்றுக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு, ஒரு பங்கு அரசின் மலிவு வீட்டுக்கு, மீதி உரிமையாளருக்கு. நல்ல விதி. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் இந்தப் பங்கீடு என்று ஆக்கினார்கள். ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடம் இருந்த நிலம். பொதுமக்களின் பங்கு சுருங்கிப்போனது. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. இன்று அந்த ஆலைகள் இருந்த பரேலில் மால்கள் ஒளிர்கின்றன. சென்னையில் அப்படியொரு பங்கீட்டு விதி முதலிலிருந்தே கிடையாது என்பதால், திருத்திக் கெடுக்கவும் ஒன்றும் இல்லை.

லண்டனின் பழைய தொழிலாளர் தெருக்களுக்கு நடுத்தர வர்க்கத்தார் வரத் தொடங்கியதையும், பழைய குடியினர் ஒவ்வொருவராக வெளியேறியதையும் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இலேயே பதிவு செய்தார். அங்கே பெரும்பாலும் வீடு வீடாக நடந்தது. இங்கே அரசுத் திட்டங்களையும் பெரிய மனைகளையும் பின்பற்றி நடக்கிறது. வாடகைக்கு இருப்பவர்தான் முதலில் போகிறார் என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

வாடகைக்காரர்களைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. ‘மெட்ரோ வந்துடுச்சும்மா, வாடகைய ஏத்தணும், இல்லன்னா வேற எடம் பாத்துக்கோங்க’ என்று ஹவுஸ் ஓனர் சொன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பம் எங்கே முறையிட முடியும்? 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை என்ற ஒன்றையாவது வைத்திருந்தது. அது போய், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் வாடகை என்பது இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான். எழுதிப் பதிவு செய்யாமல் இருப்பதே காலி செய்யச் சொல்வதற்குக் காரணமாகலாம். ஸ்டோர் வீட்டில் அட்வான்ஸைக் கையில் கொடுத்துக் குடிவந்தவரிடம் என்ன ஒப்பந்தம் இருக்கும்?

அடிமனை வாடகைக்காரர்கள் கதை வேறு. நிலம் கோயிலுக்கோ தனியாருக்கோ சொந்தம், அதன் மேல் வீட்டைக் கட்டியது குடியிருப்பவர். இப்படிப்பட்டவர்களைக் காக்க 1921லேயே சென்னையில் ஒரு சட்டம் வந்தது. கட்டடம் கட்டியவர் அந்த மனையை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள நீதிமன்றத்தை அணுகலாம் என்றது அது. நூறாண்டுக்கு முன் இந்த நகரம் ஏழைக்குச் செய்த பெரிய உபகாரம். ஆனால் 1996இல் கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு அந்தப் பாதுகாப்பு எடுக்கப்பட்டது. கோயில் சொத்து காக்கப்பட வேண்டும் என்பது சரிதான். தலைமுறைகளாக அதில் வீடு கட்டி வாழ்கிறவரின் உழைப்பும் காக்கப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஏற்பாடு இன்றுவரை இல்லை.

வாரியக் குடியிருப்புகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஜனங்கள் ‘ஹவுசிங் போர்டு’ என்று சொல்லும் அந்தப் பழைய நான்கு மாடி வீடுகளை இடித்துக் கட்டும்போது, ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் உள்ளவர்தான் பயனாளி. ஆணை வாங்கியவரிடமிருந்து வாய்மொழியாக வாங்கியவர், பல ஆண்டுகளாக வாடகை கொடுத்து இருப்பவர், ஒரே ஆணையின் கீழ் நெருக்கியடித்து வாழும் திருமணமான பிள்ளைகள் ஆகியோர் கணக்கில் தெளிவாக வருவதில்லை. கட்டி முடிக்கும் வரை வெளியே தங்க ஒரு குடும்பத்துக்கு முன்பு 8,000 ரூபாய் கொடுத்தார்கள். அது 24,000 ஆக உயர்த்தப்பட்டது நல்ல மாற்றம். ஆனால் ஒன்றரை ஆண்டுக் கட்டுமானம் என்று வைத்தால்கூட மாதம் 1,350 ரூபாயைத் தாண்டாது. அந்தத் தொகைக்கு வடசென்னையில் எங்கும் ஒற்றை அறைகூடக் கிடைக்காது. எனவே குடும்பம் தூரமாகப் போகிறது, பிள்ளை பள்ளி மாறுகிறது, திரும்பி வரும்போது பயனாளிப் பங்களிப்பு என்று ஒரு தொகை காத்திருக்கிறது. கட்ட முடியாதவர் சாவியை வேறொருவருக்குக் கைமாற்றுகிறார். யாரும் துரத்தாமலேயே ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். மெட்ரோ வேண்டாமா, பூங்கா வேண்டாமா, வடசென்னை எப்போதும் இப்படியே கிடக்க வேண்டுமா? இப்படியே கிடக்க வேண்டவே வேண்டாம். திருவொற்றியூருக்கு மெட்ரோ ஏறத்தாழ ஆறு ஆண்டு தாமதமாக வந்ததுதான் குறை. சென்னையின் முதல் மெட்ரோ ரயில் 2015இலேயே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்து, 2024 மார்ச்சில் அதை 4,181 கோடிக்கான திட்டங்களாக விரித்தது தமிழ்நாடு அரசு. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், வாரியக் குடியிருப்புகளின் மறுகட்டுமானம் எல்லாம் அதில் உண்டு. திருவொற்றியூரில் சூரை மீன்பிடித் துறைமுகமும் வந்துவிட்டது. இவ்வளவு பணம் இந்தப் பகுதிக்கு என்று தனியாக ஒதுக்கப்படுவது நீண்ட காலத்துக்குப் பிறகு நடக்கிறது. அதை மனம் திறந்து வரவேற்க வேண்டும். மனை விலை ஏறுவதால் அரை கிரவுண்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளிக்கும் நன்மைதான். மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் அது கைகொடுக்கும்.

குறை எங்கே என்றால், இந்தப் பணம் நிலத்தின் மதிப்பை உயர்த்தும். நிலம் இல்லாதவர்களை அந்த உயர்விலிருந்து காக்க அதே திட்டத்துக்குள் ஏற்பாடு இல்லை. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை எடுத்த முடிவு ஒன்று சரியான திசையைக் காட்டுகிறது. சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’விலும் பிற நகரங்களிலும் ஆட்சேபமற்ற அரசுப் புறம்போக்கில் நெடுங்காலமாக வாழும் 86,000 பேருக்குப் பட்டா கொடுப்பது என்ற முடிவு அது. பட்டா கையில் இருந்தால் மெட்ரோ வருவது வரம். இல்லாவிட்டால் அதே மெட்ரோ காலி செய்யச் சொல்லும் நோட்டீஸுக்கு முன்னோடி. கடலோரக் குப்பங்களுக்கும், ரயில்வே, துறைமுக நிலங்களை ஒட்டிய குடியிருப்புகளுக்கும் இதே வேகம் தேவை. அவற்றில் பல மத்திய அரசு நிறுவனங்களின் நிலம் என்பதால் மாநில அரசு தனியாகச் செய்ய முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் டெல்லியில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை இது.

காற்றையும் தண்ணீரையும் விட்டுவிட்டு வீட்டை மட்டும் பேசவும் முடியாது. 450 மெகாவாட் திறன் கொண்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அந்த இடத்தில் மீண்டும் 660 மெகாவாட் நிலக்கரி அலகு கொண்டுவரும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததைச் சரிசெய்யத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் உத்தரவிட்டது. ஆற்றைத் தூர் எடுத்து, இறாலும் நண்டும் திரும்பி வந்தால் அது முதலில் இருளர் பெண்களுக்கும் குப்பத்து மீனவர்களுக்கும் பயன்பட வேண்டும். சுத்தமான ஆற்றின் கரையில் ‘ரிவர் வியூ’ என்று விளம்பரப் பலகை எழும்பும் நாளில் அவர்கள் அங்கே இல்லாமல் போனால், இத்தனை ஆண்டு சாம்பலைத் தின்றதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன?

செய்ய முடியாத எதையும் யாரும் கேட்கவில்லை. இடிப்பதற்கு முன் ஒவ்வொரு குடியிருப்பிலும் வாடகைக்காரர் உட்பட எல்லாக் குடும்பங்களின் பட்டியலும் எடுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அதே இடத்தில் திரும்ப வீடு என்று அரசு முத்திரையோடு ஒரு தாள் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்க வேண்டும். இடைக்கால வாடகையை உண்மையான வாடகையை வைத்துக் கணக்கிட வேண்டும். மெட்ரோ நிலையங்களைச் சுற்றிக் கூடுதல் மாடி கட்ட அனுமதி கொடுக்கும்போது, அதற்கு ஈடாகக் குறைந்த வாடகை வீடுகளில் ஒரு பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். மூடப்பட்ட ஆலைகளின் நிலம் விலைபோகும் முன், மும்பை எழுதி அழித்த அந்த மூன்றில் ஒரு பங்கு விதியைச் சென்னை எழுத வேண்டும். இன்னும் மூடாத ஆலைகள் நாளை இடம் மாறலாம். அன்றைக்கு விதி தேடினால் தாமதம்.

2027 முதல் 2046 வரை சென்னை எப்படி வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தயாரித்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தெரு தொழிற்பகுதி, எந்தத் தெரு குடியிருப்பு, எங்கே எத்தனை மாடி என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். ஒரு முறை வரைபடத்தில் நிறம் பூசிவிட்டால் இருபது ஆண்டுக்கு மாற்றுவது கடினம். 2022 நவம்பர் முதல் நகரங்களிலும் கிராம சபை போல ஏரியா சபைக் கூட்டங்கள் நடத்த வழி இருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். தெருவிளக்கும் கழிவுநீர் அடைப்பும் சொல்லி முடித்த பிறகு கவுன்சிலரிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கள் தெருவுக்கு முழுமைத் திட்டத்தில் என்ன நிறம் பூசப்போகிறார்கள், எங்கள் குடியிருப்பை இடித்தால் வாடகைக்காரர் பெயர் பட்டியலில் வருமா, எங்கள் பட்டா மனு எந்த மேசையில் இருக்கிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை கூட்டத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.